சாம்பல் நிற உடையில் தவிசாளர்

"நிறம் கொஞ்சம் கூடிப்போச்சு, மெடம். கண்ணைக் குத்துது" என்றார் பஸ்ரியன், கணினித் திரையை நோக்கித் தலையைச் சாய்த்தபடி.

பிரதேச சபையின் புதிய இணையத்தளம் எப்படி வந்திருக்கிறது என்று செயலாளர் நிவேதிகா கேட்டதற்குத்தான் இந்த அபிப்பிராயம். சொல்லி வாய் மூடவில்லை, தொழினுட்ப உதவியாளர் கோகுலன் வந்து மேசைக்கடியில் குனிந்து மின் ஆளியைப் போட்டான். கணினி அப்போதுதான் 'டிங்' என்று உயிர்பெற்றது. அதுவரை திரை கறுப்பாகக் கிடந்திருக்கிறது.

பஸ்ரியன் சாய்த்த தலையைச் சட்டென்று நிமிர்த்தினார். பிடிபட்டாயிற்று.

"எனக்கும் அப்பிடித்தான் பட்டது, அண்ணை. நிறத்தைக் குறைப்பம்" என்றாள் நிவேதிகா.

மாதாவே, உனக்கு ஒரு மெழுகுதிரி என்று பஸ்ரியன் மனதுக்குள் நேர்ந்துகொண்டார். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகளுக்கு இப்படியான சின்னச் சங்கதிகள் தென்படுவதில்லை. அது அவருடைய அதிர்ஷ்டம்.

பஸ்ரியன் அந்தச் சபையின் பிரதம லிகிதர். அரிப்பு என்ற கடற்கரை ஊர்க்காரர். சண்டை முடிந்து சனமெல்லாம் மீள்குடியேறிய கையோடு அவருடைய கண்ணின் நடுவில் ஒரு புகையும் வந்து குடியேறிவிட்டது. நேரே பார்த்தால் ஆளுக்கு முகம் இல்லை, கடதாசியில் எழுத்து இல்லை. பக்கப் பார்வையில் மட்டும் சட்டையின் நிறம், கதிரையின் கால், வாசல் வெளிச்சம் என்று கொஞ்சம் கொஞ்சம் தெரியும். கண் டொக்டர் நரம்பு என்றார், கண்ணாடி உதவாது என்றார். வீட்டில் மனைவி றஞ்சிதத்துக்கு மட்டும் விஷயம் தெரியும்.

கந்தோரில் அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வைத்திய சபைக்கு அனுப்பி, வேலைக்கு ஆகாது என்று வீட்டில் இருத்திவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது வெட்கம். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத் தரையில் கிடந்த காலத்தில், காணாமற்போன பிள்ளையைத் தேடும் மனுவிலிருந்து கூரைத் தகட்டுக்கான விண்ணப்பம் வரை அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுத்தது அவருடைய கை. பஸ்ரியன் எழுதினால் அது மேலே போய்ச் சேரும் என்று சனம் நம்பியது. அந்த மனிதன் இன்றைக்குத் தன் பெயரைத் தானே வாசிக்க முடியாமல் இருக்கிறான் என்பதை எந்த வாயால் சொல்வது?

ஆகவே அவர் தன் கெட்டித்தனத்தை நம்பினார். கந்தோரின் தரை அவருடைய காலுக்கு மனப்பாடம். வாசலிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து செயலாளரின் அறைக்கும் சுவரோரமாக ஒரே நேர்கோடு. கையெழுத்துப் போடும் இடத்தை ஒற்றை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். இத்தனை பேரின் கண்ணில் ஒருவன் மண்ணைத் தூவிக்கொண்டு திரிவதென்றால் அதற்கும் ஒரு மூளை வேண்டும் என்று சில நாட்களில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கர்த்தர் அவருக்கு வாய்க்கப்பண்ணிய ஆட்களும் அதற்கேற்றவர்கள்தான். நிவேதிகாவுக்குத் தன் குரலில் ஒரு மயக்கம். வருகிற கடிதத்தையெல்லாம் உரத்து வாசித்துவிட்டுத்தான் அவரிடம் நீட்டுவாள். தேநீர் கொண்டுவரும் றஹீமா, புத்தளத்து அகதி வாழ்க்கை முடிந்து ஊர் திரும்பியவள், வாசலில் கால் வைக்கும்போதே "றஹீமா வாறன்!" என்று கூவுவாள், ஏதோ ஆளுநர் எழுந்தருளுகிறமாதிரி. சபையின் தவிசாளர் றெனால்ட் அவளையும் மிஞ்சியவர். "தவிசாளர் வந்திட்டன்!" என்று தன் வருகையைத் தானே அறிவித்துக்கொண்டு வருவார்.

"பதவி மண்டைக்குள்ள ஏறிட்டுது" என்று பஸ்ரியன் வீட்டில் சொல்லிச் சிரிப்பார். றஞ்சிதம் சிரிக்கமாட்டாள்.

அவருக்குப் பொறுக்கவே முடியாத ஒன்று இருந்ததென்றால் அது அந்த அலுமாரிதான். உதவி நிறுவனம் ஒன்று கொடுத்த புத்தம்புது இரும்பு அலுமாரி. அவருடைய மேசைப் பக்கச் சுவரோரம் அதற்கென்றே அளந்ததுபோல வெறும் இடம் கிடந்தது. ஆனால் அலுமாரி வந்து இறங்கிய நாள் தொட்டு விறாந்தையில் படங்குச் சீலை போர்த்திக்கொண்டு நின்றது. மாரி வந்து போயிற்று. அடியில் துரு ஏறிவிட்டதென்று தடவிப் பார்த்தே அவர் அறிந்துகொண்டார்.

"கோகுலன், அந்த அலுமாரி எப்ப உள்ளுக்கு வரும்? அதுக்கு மட்டும் இன்னும் மீள்குடியேற்றம் முடியேல்லையோ?"

"நாளைக்குத் தூக்குறம், சேர். இண்டைக்கு நாரி பிடிச்சுப்போட்டுது."

நாளைக்குக் கேட்டால் அட்டமி. அடுத்த கிழமை கேட்டால் தூக்க ஆள் போதாது. சோம்பேறிகளின் கூடாரம் என்று பஸ்ரியன் கசந்துகொண்டார்.

இணையத்தளத்தின் நிறத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்ன அன்று, நிவேதிகா இன்னொன்றையும் சொன்னாள்.

"அண்ணை, இந்த வெப்சைட்டை ஏலாத ஆக்களும் பாவிக்கிற மாதிரிச் செய்யவேணும். முக்கியமாக் கண் தெரியாத ஆக்கள். கணினி வாசிக்க வாசிக்க அவை காதாலயே கேட்டு எல்லாம் செய்யலாமாம். கொழும்பில இருந்து ஒரு அம்மா பரிசோதிக்க வருவா. இதுக்குப் பொறுப்பு நீங்கள்தான்."

பஸ்ரியன் பதறிப்போனார். "நானோ? கண் தெரியாத ஆக்களைப் பற்றி எனக்கென்ன மெடம் தெரியும்?"

கோகுலனுக்கு ஒரு இருமல் வந்தது.

"பழகினால் தெரியும், அண்ணை" என்றாள் நிவேதிகா மெதுவாக.

அடுத்த நாளே கோகுலன் அவருடைய கணினியில் ஒரு வாசிக்கும் மென்பொருளைப் போட்டுவிட்டான். அது பேசிய தமிழ், தொண்டை கட்டிய சுவாமியார் ஒருவர் தகரக் குடத்துக்குள் இருந்து பிரசங்கம் வைப்பதுபோல இருந்தது. பஸ்ரியன் முகத்தைச் சுளித்தார். "இதையெல்லாம் ஆர் கேக்கிறது?" என்று அலட்சியமாகச் சொன்னார்.

மத்தியானம் எல்லாரும் சோற்றுப் பார்சலை அவிழ்க்கப் போனதும், கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, பொத்தானை அமத்தினார். தகரக் குடம் பேசியது. தண்ணீர் பவுசர் வரும் நாட்களைச் சொன்னது. மாகாணத் திணைக்களம் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை, கையொப்பம் உட்பட, வாசித்தது. நிறுத்தச் சொன்னால் நிறுத்தியது. திரும்பச் சொன்னால் அலுக்காமல் திரும்பச் சொன்னது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு கடிதத்தை அவர் தானாக வாசித்திருக்கிறார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தோளில் ஒரு கை பட்டது. பஸ்ரியன் கதிரையோடு துள்ளினார்.

"றஹீமா வாறன் எண்டு வாசல்ல இருந்து கத்திக் கத்தி வாறன், உங்களுக்குக் கேக்கேல்லையோ சேர்? காதில என்ன?"

கண்ணுக்காக என்று சொல்ல முடியாது. வாயில் வந்ததைச் சொன்னார். "காதுக்குள்ள சீழ், றஹீமா. இதைப் போட்டுச் சூடு குடுக்கச் சொன்னவர் டொக்டர். சாடையாக் கேக்கிறதும் குறைவு."

"அல்லாவே, காதுமோ!" றஹீமாவின் குரல் உடைந்துபோயிற்று. தேநீரை வழமையான இடத்தில், வலக்கைப் பக்கம் வைத்துவிட்டு ஓடினாள்.

அன்று பின்னேரத்துக்குள் கந்தோர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நிவேதிகா கடிதங்களை மேடைப் பேச்சுப்போல முழங்கத் தொடங்கினாள். வரி கட்ட வந்த சனம் தெருவில் நின்றே சபையின் இரகசியங்களை அறிந்துகொண்டது. தவிசாளர் பின்பக்கமாக வந்து, பஸ்ரியனின் காதுக்குள் குனிந்து, "தவிசாளர் வந்திட்டன்!" என்று ஒரு சத்தம் போட்டார். உண்மையாகவே கொஞ்ச நேரம் காது கேட்கவில்லை.

கண்ணை மறைக்கப் போய்க் காதையும் கெடுத்துக்கொண்டாயிற்று.

அடுத்த வினை செல்வநாயகம் என்ற பெயரில் வந்தது. பெரியமடுவில் கடை வைத்திருப்பவர். சண்டையின் கடைசி வருஷத்தில் இரண்டு கண்ணையும் இழந்தவர். கொழும்பு அம்மாவின் முன்னால் கணினியை இயக்கிக் காட்டப்போவது அவர்தான். ஒத்திகைக்கு அவர் வந்து இறங்கியபோது, பொறுப்பாளர் என்ற முறையில் பஸ்ரியன் விறாந்தைக்குப் போய் வரவேற்றார்.

"வாங்கோ, வாங்கோ" என்று கையை நீட்டினார். செல்வநாயகமும் நீட்டினார். இரண்டு கையும் ஒன்றையொன்று தாண்டிப் போயின. திரும்ப நீட்டின. திரும்பத் தாண்டின. கடைசியில் பஸ்ரியனின் கை அவருடைய முழங்கையைத் தடவிக் கண்டுபிடித்துக் குலுக்கியது.

செல்வநாயகம் அந்தக் கையை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு அவருடைய வெள்ளைப் பிரம்பு 'டங்' என்று எதிலோ மோதியது.

"இதென்ன, விறாந்தையில ஒரு அலுமாரி நிக்குது?"

"எங்கட ஆக்களின்ர சோம்பல்தான். உள்ளுக்குக் கொண்டுவாங்கோ எண்டு வருசக்கணக்காக் கத்துறன்."

செல்வநாயகம் உள்ளே நடந்தார். பிரம்பு சுவரோரமாகப் போயிற்று, வந்தது. எதிலும் தட்டுப்படவில்லை.

"உள்ளுக்கு நல்ல வெட்டவெளியா இருக்கு. நல்ல கந்தோர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களும் எங்கட ஆள்தானே?"

"எந்த ஊர் ஆள்?"

"கண் தெரியாத ஊர்."

பஸ்ரியனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கொதித்தது. "என்ன கதை கதைக்கிறியள்? எனக்குக் கண்ணில ஒரு குறையும் இல்லை."

"கோவியாதேங்கோ. எனக்கு ஒரு துணையாப் போகுமெண்டுதான் கேட்டனான்."

"எனக்கு அப்பிடி ஆக்களையே பழக்கமில்லை எண்டுறன்!"

மூன்றாம் முறை மறுதலிப்பதற்குள் சேவல் கூவவில்லை. ஆனால் கந்தோருக்கு வெளியே கழுதை ஒன்று நீளமாகக் கத்தியது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் பஸ்ரியன். சேவல் கூவுமுன் மூன்று முறை இயேசுவைத் தெரியாதென்று சொன்ன இராயப்பரின் கதை அவருக்குத் தெரியாததல்ல. கூசிப்போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

கழுதைகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். ஊர்ச் சனம் இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில் அந்தக் கரையில் நின்று பிடித்தது அவைதான். சனம் திரும்பி வந்து பஸ் தரிப்பிடம் கட்டியபோது, நிழலுக்கு முதல் உரிமை தங்களுக்கு என்பதுபோல அதற்குள் போய் நின்றுகொண்டன. சபைக்கு வரும் முறைப்பாடுகளில் பாதி அவற்றைப் பற்றியதுதான்.

ஒத்திகையில் செல்வநாயகம் தகரக் குடத்தோடு சிநேகிதம் பிடித்துவிட்டார். முறைப்பாட்டுப் பக்கம், நூலகம், பவுசர் எல்லாவற்றுக்கும் போனார், வந்தார். ஒரே ஒரு இடத்தில் நின்றார்.

"இதில படம், படம், படம் எண்டு மட்டும்தான் சொல்லுது. படத்தில என்ன இருக்கெண்டு எங்களுக்கு ஆர் சொல்லுறது?"

பஸ் தரிப்பிடத் திறப்பு விழாப் படங்கள் அவை. ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஒரு விளக்கம் எழுதி வைத்தால், கணினி அதை வாசிக்கும் என்று கோகுலன் விளங்கப்படுத்தினான்.

"தமிழ் எண்டால் சேர்தான் எழுதவேணும். நான் பக்கத்தில இருந்து படத்தில என்ன இருக்கெண்டு ஒவ்வொண்டாச் சொல்லுறன்."

எல்லாருக்கும் முன்னால், அதுவும் அந்தச் செல்வநாயகத்துக்கு முன்னால்!

"ஏன், எனக்குக் கண் இல்லையோ?" என்று பஸ்ரியன் சீறினார்.

செல்வநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆக, விளக்கங்களை அவர் தனியே எழுதினார். அவ்வளவு கஷ்டமாகவும் இருக்கவில்லை. திறப்பு விழா என்றால் எப்படி நடக்கும் என்று தெரியாதா? ஒருவர் நாடா வெட்டுவார், ஒருவர் விளக்கேற்றுவார், ஒருவர் பேசுவார், மிச்சப்பேர் வியர்த்துக்கொண்டு இருப்பார்கள். திரைக்குப் பக்கவாட்டில் கதிரையைத் திருப்பி, ஓரக்கண்ணால் நிறங்களைப் பிடித்துப் பிடித்து எழுதினார். சிவப்பு அசைந்த இடம் நாடா. மஞ்சள் மின்னிய இடம் குத்துவிளக்கு.

கடைசிப் படம்தான் அவரை மகிழ்ச்சிக்கடலில் ஆழ்த்தியது. அது அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது! நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு உருவம். கழுத்தில் பூமாலை. பின்னால் பஸ் தரிப்பிடத்தின் தூண்கள். றெனால்ட் தவிசாளர் விழாவுக்கெல்லாம் போடுகிற சாம்பல் நிற சபாரி உடுப்பை ஊரில் அறியாதவர் யார்?

என்றாலும் ஒரு முன்யோசனை. றஹீமா மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று தேநீரை வைக்கும்போது, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"றஹீமா, இந்தப் படத்தில எங்கட தவிசாளர் எப்பிடி நிக்கிறார்?"

திரையின் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. "அவர் எப்பவும் வடிவாத்தானே நிப்பார், சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உறுதியாயிற்று. பஸ்ரியன் பழைய பஸ்ரியனானார். விரல்கள் தாமாகவே ஓடின. பள்ளிக்கூடத் தரையில் இருந்து மனு எழுதிய அந்தத் தமிழ் திரும்பி வந்தது. எழுதியதைத் தகரக் குடத்தின் வாயால் கேட்டுப் பார்த்தார். நெஞ்சு நிறைந்தது.

விழா நாள் வந்தது. கந்தோர் மண்டபத்திலேயே கதிரைகள் போட்டார்கள். இடம் போதாமல் சனம் யன்னலோரம் நெருக்குப்பட்டு நின்றது. ஆனால் பஸ்ரியனின் மேசைக்குப் போகும் சுவரோர வழியில் மட்டும் ஒரு கதிரைகூடப் போடவில்லை. இடத்தைப் பாவிக்கத் தெரியாத ஆட்கள் என்று அவர் நினைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

கணினியில் வருவதை எல்லாரும் பார்க்கும்படி சுவரில் பெரிதாக விழுத்தினான் கோகுலன். தகரக் குடத்தின் குரலை எல்லாரும் கேட்கும்படி கோயிலிலிருந்து ஒலிபெருக்கி வந்திருந்தது. கொழும்பு அம்மா முன்வரிசை. பக்கத்தில் தவிசாளர், அதே சாம்பல் நிற உடுப்பில். செல்வநாயகம் கணினியின் முன் அமர்ந்தார்.

முறைப்பாட்டுப் பக்கம் போனார். கைதட்டல். நூலகம் திறக்கும் நேரத்தைக் கண்டுபிடித்தார். கைதட்டல். கொழும்பு அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார் என்று கோகுலன் பஸ்ரியனின் காதுக்குள் கத்தினான். அதோடு முடிந்திருக்கலாம்.

"படமும் பாப்பம்" என்றார் செல்வநாயகம்.

நாடா வெட்டியாயிற்று. விளக்கேற்றியாயிற்று. கடைசிப் படத்துக்கு வந்ததும் ஒலிபெருக்கியில் தகரக் குடம் நிறுத்தி நிதானமாக முழங்கியது.

"சாம்பல் நிற உடையில், கழுத்தில் மாலையுடன், பஸ் தரிப்பிடத்தின் நடுவே கம்பீரமாக நிற்கும் எமது கௌரவ தவிசாளர் அவர்கள். எவ்வளவு சுமை ஏற்றினாலும் முகம் சுளிக்காதவர். மழையென்றும் வெயிலென்றும் பாராது, மக்களோடு மக்களாக வீதியிலேயே நிற்பவர்."

மண்டபம் சிரிப்பால் வெடித்தது. யன்னலோரத்தில் நின்றவர்கள் யன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

பஸ்ரியன் எழுந்து நின்றார். கையை நெஞ்சில் வைத்து, வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை, பணிவாகத் தலைகுனிந்தார். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

"என்ன சிரிப்பு?" என்றார் செல்வநாயகம், முகத்தை அங்குமிங்கும் திருப்பி. "வசனம் நல்லாத்தானே இருந்தது? ஆராவது சொல்லுங்கோவன்!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது கழுதையெல்லோ!"

பஸ்ரியனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, எழுந்து நின்ற கால்களுக்கு உட்காரும் வழி தெரியவில்லை. விழா முடிந்து எறிந்த மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிழலுக்கு ஒதுங்கிய ஒரு கழுதையை, முறைப்பாட்டுக்கு ஆதாரமாகக் கோகுலன் எடுத்து வைத்த படம் அது. தவறிப்போய் விழாப் படங்களோடு சேர்ந்துவிட்டது. அதற்குத்தான் அவர் இத்தனை மாலை சூட்டியிருக்கிறார். அதற்குத்தான் தலையும் குனிந்திருக்கிறார். நிலம் பிளந்து ஆளை விழுங்குவதென்றால் அந்த நேரத்தில் விழுங்கியிருக்கவேண்டும். விழுங்கவில்லை.

"இதை ஆர் எழுதினது?" என்றார் கொழும்பு அம்மா. சிரிப்பு அடங்கிப்போயிற்று.

பஸ்ரியனுக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. வேண்டுமென்று எழுதினேன் என்றால் வேலை போகும். தெரியாமல் எழுதினேன் என்றால், எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பார்கள். திமிர் பிடித்தவன் என்று பெயர் எடுத்துப் போவதா, குருடன் என்று பெயர் எடுத்துப் போவதா? அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"நான்தான். வேணுமெண்டுதான் எழுதினனான்."

"பஸ்ரியன் அண்ணை!" தவிசாளரின் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. "நீங்கள் அப்பிடி எழுதமாட்டியள்."

"எழுதுவன். உம்மில எனக்குக் கனநாளாக் கோவம். வாசல்ல நிண்டு தன்ர பேரைத் தானே கத்திற மனிசனை வேற என்னெண்டு எழுதுறது?"

தவிசாளர் ஒன்றும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் பஸ்ரியன் தாங்கியிருப்பார். பேசாமல் இருந்ததைத்தான் தாங்கமுடியவில்லை. இந்த றெனால்டின் தாய்க்கும் அந்தப் பள்ளிக்கூட அகதி முகாமில் மனு எழுதிக் கொடுத்தவர் அவர். அந்த மனிசி இறக்கும்வரை அவருக்காகச் செபம் சொன்னவள்.

கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. செல்வநாயகம் எழுந்துவிட்டார்.

"பஸ்ரியன், நானும் அந்தப் படத்தைப் பாக்கேல்லை. தவிசாளர்தான் நிக்கிறார் எண்டு நானும் நம்பிப்போட்டன். எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. உங்களுக்கு மட்டும் ஏன்?"

பஸ்ரியன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கண் தெரியாது" என்றார்.

வெளியே வந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"சீழுமில்லை, ஒண்டுமில்லை. காது நல்லாக் கேக்கும். கண்தான் இல்லை. மீள்குடியேறி வந்த காலம் தொட்டு இப்பிடித்தான். பாக்கிற மாதிரி நடிச்சுத்தான் இந்தக் கதிரையில இருந்தனான். மெடம், தவிசாளர், கோகுலன், உங்கள் எல்லாரையும் இவ்வளவு காலமும் ஏமாத்திப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தலையைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். யாராவது ஐயோ என்பார்கள், யாராவது சீ என்பார்கள், நிவேதிகாவாவது 'அப்படியா' என்று கேட்பாள் என்று காத்திருந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கோகுலனுக்கு மறுபடியும் இருமல் வந்தது.

"றஹீமா வாறன்" என்று ஒரு குரல் சுவரோரமாக நடந்து வந்தது. வலக்கைப் பக்கம், வழமையான இடத்தில், கோப்பை மேசையில் பட்டது.

"ஏமாத்தினனீங்களோ, சேர்? அப்ப இவ்வளவு காலமும் அந்த அலுமாரியை மழையில நனையவிட்டிட்டு, நீங்கள் நடக்கிற வழியை நாங்கள் ஆருக்காக வெறுமையா வச்சிருந்தனாங்கள்?"